பள்ளிக்கு மணிக்கு 500 லிட்டர் ஆர்.ஓ. வருகிறது, மெஷின் வருமுன் இடத்தில் என்னென்ன முடித்து வைக்க வேண்டும்?

தேவனாம்பட்டினம்_பள்ளி

வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் இருக்கும் ஒரு பள்ளியின் பராமரிப்பைப் பார்க்கிறேன். 420 பிள்ளைகள். குடிக்கவும் மதியச் சமையலுக்கும் சேர்த்து நாளுக்கு 2,000 லிட்டர் தேவைப்படும். மணிக்கு 500 லிட்டர் தரும் ஆர்.ஓ. மெஷினுக்கு விலை பேசியிருக்கிறோம், அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. "ரூம், கரன்ட், தண்ணி, டிரெயின் நாலும் ரெடி பண்ணி வைங்க, ஒரே நாள்ல மாட்டிடுறோம்" என்கிறார் சப்ளையர். அளவு எதுவும் எழுதித் தரவில்லை.

இப்போது இருப்பது: 110 அடி போர், 1 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார். கை மீட்டரில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1,900 காட்டுகிறது. மாடிப்படிக்குக் கீழே 8 அடிக்கு 6 அடி அறை ஒன்று காலியாக இருக்கிறது, அதன் ஒரு பக்கம் கூரை சரிந்து இறங்கும். சிங்கிள் ஃபேஸ் கரன்ட். நல்ல தண்ணீர் டேங்கை மொட்டைமாடியில் வைத்து எல்லாத் தளத்துக்கும் குழாய் இறக்கலாம் என்று திட்டம். வேஸ்ட் தண்ணீரை மழைநீர் சேகரிப்புக் குழியில் விட்டால் வீணாகாது என்று நிர்வாகத்தில் சொல்கிறார்கள்.

ஜூனில் பள்ளி திறப்பதற்குள் முடிக்க வேண்டும். கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன் மூவருக்கும் என்ன அளவு சொல்வது?

கெடிலக்கரை

சார், அட்வான்ஸ் கொடுக்காமல் இருப்பது நல்லதாயிற்று. அறையைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். மெஷினுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதை உங்கள் போர்த் தண்ணீர்தான் முடிவு செய்யும். 1,900 என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு யாராலும் சரியான மெஷின் தர முடியாது.

கை மீட்டர் உப்பை நேராக அளப்பதில்லை. தண்ணீரின் மின்கடத்துத்திறனை அளந்து அதை 0.5 அல்லது 0.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. 0.7 வைத்த மீட்டரில் 1,900 காட்டும் தண்ணீர், 0.5 வைத்த மீட்டரில் ஏறக்குறைய 1,350 காட்டும். அதனால் ஆய்வகத்தில் கொடுத்து எழுத்தில் வாங்குங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டித் தனியாரும் கொடுக்கலாம். மோட்டாரை 20 நிமிடம் ஓடவிட்ட பிறகு, டேங்கிலிருந்து பிடிக்காமல் போர்க் குழாயிலிருந்தே பிடியுங்கள். 2 லிட்டர் கேனை அதே தண்ணீரால் மூன்று தடவை அலசி, விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தனி பாட்டில் தரும், அதை மட்டும் அலசக் கூடாது.

பி.எச்., டி.டி.எஸ்., மொத்தக் கடினத்தன்மை, கால்சியம், காரத்தன்மை, குளோரைடு, சல்பேட், இரும்பு, மாங்கனீஸ், ஃபுளோரைடு, நைட்ரேட், சிலிக்கா, கலங்கல் எல்லாம் கேளுங்கள். சிலிக்காவை நீங்களாகக் கேட்காவிட்டால் பெரும்பாலும் பார்க்க மாட்டார்கள். ஆர்.ஓ.வுக்கு அது முக்கியம். பாதித் தண்ணீரை நல்லதாக எடுத்துவிட்டால் மீதியில் சிலிக்கா இரட்டிப்பாகும். மருந்து இல்லாமல் லிட்டருக்குச் சுமார் 120 மில்லிகிராம் வரைதான் அது கரைந்து நிற்கும். உங்கள் போரிலேயே 60-க்கு மேல் இருந்தால் ஆன்டிஸ்கேலன்ட் (படிவு பிடிக்காமல் தடுக்கும் மருந்து) இல்லாமல் 50 சதவீதம் எடுக்கக் கூடாது. சிலிக்கா ஒரு தடவை மெம்பிரேனில் (உப்பைப் பிரிக்கும் மெல்லிய சவ்வில்) படிந்தால் சாதாரண ஆசிட் கழுவலில் போகாது.

அடுத்தது இரும்பு. நம் பக்கம் இது இடத்துக்கு இடம் மாறும். கேப்பர் மலைச் செம்மண் பக்கம் உப்பு குறைவாக இருந்தாலும் இரும்பு வரும் போர்கள் உண்டு. கடற்கரையை ஒட்டிய மணலில் உப்பே பெரிய பிரச்சினை. குடிநீருக்கான இரும்பு வரம்பை வைத்து இங்கே முடிவு செய்யாதீர்கள். மெம்பிரேனுக்குப் போகும் தண்ணீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே, முடிந்தால் 0.05-க்குக் கீழே இருக்க வேண்டும். போரிலிருந்து வரும்போது தெளிவாக இருக்கும் தண்ணீர் பாட்டிலில் ஒரு ராத்திரி நின்றதும் மஞ்சளாகிறதா என்று நீங்களே பார்க்கலாம். மஞ்சளானால் சேண்ட் ஃபில்டருக்கு முன் இரும்பு நீக்கும் ஃபில்டர் தனியாக வேண்டும். அதற்கு அறையில் இன்னும் ஓர் உருளைக்கு இடம் போகும். முதலில் பரிசோதனை, பிறகு அறை அளவு என்று சொல்வது இதனால்தான்.

இது மே மாதம் என்பது உங்களுக்குச் சாதகம். கடலோரப் போரில் கோடை முடிவில்தான் உப்பு உச்சத்தில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு இறங்கும். தை மாத ரிப்போர்ட்டை வைத்து வாங்கிய மெஷின் அடுத்த சித்திரையில் திணறும். உப்பு ஏற ஏறத் தண்ணீரை மெம்பிரேன் வழியே தள்ள அதிக அழுத்தம் வேண்டும்: 1,000 டி.டி.எஸ்.ஸுக்குச் சுமார் 0.7 பார், ஊடுபரவல் அழுத்தத்தை எதிர்க்க மட்டுமே போய்விடும். மே மாத எண்ணைச் சப்ளையரிடம் கொடுத்து, "இந்தத் தண்ணீரில் 500 லிட்டர் தரும்" என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

500 லிட்டர் போதும். நாளுக்கு நாலு மணி நேரம் ஓடினால் 2,000 லிட்டர். ஆனால் உள்ளே போவது 4,000 லிட்டர், ஃபில்டர் கழுவுகிற நாளில் இன்னும் 800 லிட்டர் வரை கூடும். இதற்கு 2,000 லிட்டர் கறுப்பு சின்டெக்ஸ் டேங்க் ஒன்றை ரா வாட்டருக்கென்று (சுத்திகரிக்காத தண்ணீருக்கென்று) தனியாக வையுங்கள். வெளிச்சம் ஊடுருவும் டேங்கில் பாசி பிடிக்கும். கடலோரத்தில் போரை ஒரே மூச்சாக இறைத்தால் அடியிலிருக்கும் உப்புத் தண்ணீர் மேலேறி வரும். ஒரு மணி நேரம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டும்படி டைமர் வைத்தால் போருக்கு நல்லது. மாநகராட்சிக் குழாய் இணைப்பு இருந்தால் அதையும் இந்த டேங்கில் கலக்கலாம், உப்பு குறையும். அதில் குளோரின் இருக்கும் என்பதை மட்டும் சப்ளையரிடம் சொல்லிவிடுங்கள். இப்போது எல்லாரும் போடும் மெல்லிய ஏட்டு (தின் ஃபிலிம்) மெம்பிரேனைக் குளோரின் அரித்துவிடும், 0.1 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. கார்பன் ஃபில்டர் இருப்பது முக்கியமாக அதற்காகத்தான். ரா டேங்கில் பிளீச்சிங் பவுடர் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

இனி கொத்தனாருக்கு. இந்த அளவு மெஷினுக்கு வழக்கமாக 13 அங்குல விட்டம், 54 அங்குல உயரத்தில் இரண்டு எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை பிளாஸ்டிக்) உருளைகள் வரும், ஒன்று மணல், ஒன்று கார்பன். மேலே தண்ணீரின் போக்கைத் திருப்பும் மல்டிபோர்ட் வால்வு, கீழே அரை அடி மேடை எல்லாம் சேர்ந்தால் ஆறடி ஆகிவிடும். அதற்கு மேல் மணல் கொட்ட, வால்வைக் கழற்ற ஒன்றரை அடியாவது வேண்டும். ஆகவே உருளை நிற்கும் இடத்தில் ஏழரை அடி உயரம். சரிந்த பக்கத்தில் ரா வாட்டர் பம்பையும் டோசிங் கேனையும் (மருந்துக் கரைசல் கேன்) வையுங்கள்.

அடுத்து, மெம்பிரேன் 40 அங்குல நீளம், குழாய்க்குள்ளிருந்து நேராக இழுத்துத்தான் வெளியே எடுக்க முடியும். ஸ்கிட் (மெஷின் பொருத்திய சட்டம்) ஆறடி இருந்தால் எட்டடிச் சுவரோரம் வைத்துவிட்டு மெம்பிரேனை எங்கே இழுப்பீர்கள்? ஹவுசிங்கின் (மெம்பிரேன் இருக்கும் குழாயின்) ஒரு முனை கதவைப் பார்த்து இருக்கும்படி வையுங்கள், கதவைத் திறந்து வராந்தாவுக்கு இழுத்துக்கொள்ளலாம். மறு முனையில் ஆள் கை நுழைந்து மூடியைக் கழற்ற இரண்டடி வேண்டும். இடம் தரவில்லை என்றால் இந்த அறையை விட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள். வெயில் நேராகப் படும் தகர ஷெட் வேண்டாம். மெம்பிரேன் 45 டிகிரிக்கு மேல் தாங்காது, கறுப்புக் குழாயில் தேங்கிய தண்ணீர் மே மாத வெயிலில் எளிதாகச் சூடேறும்.

தரையை டிரெயின் பக்கம் 100-க்கு 1 சரிவாக, அதாவது எட்டடிக்கு ஓர் அங்குலம் இறக்குங்கள். ஃபில்டரைப் பின்னோக்கிக் கழுவும்போது மணிக்கு 2,000 லிட்டருக்கு மேல் வேகத்தில் 10, 15 நிமிடம் தண்ணீர் கொட்டும், மணலும் கூட வரும். ஒன்றேகால் அங்குலக் குழாய் அதைத் தாங்காது, 75 மி.மீ.க்குக் குறையாமல் போட்டு, வாயில் சல்லடை வையுங்கள். மெஷின் மேடையை அந்தக் கட்டடத்தில் வெள்ளம் நின்ற அடையாளத்துக்கு மேலே கட்டுங்கள். 2015 வெள்ளத்தையும் 2024 நவம்பர் 30-இல் கரை கடந்த ஃபெஞ்சலையும் பார்த்த ஊரில் அரையடி போதுமா என்பதைப் பழைய வாட்ச்மேனைக் கேட்டாலே தெரியும்.

வயரிங்_நெல்லிக்குப்பம்

கரன்ட் பத்தி மட்டும் சொல்றேன் சார்.

இந்த சைஸுக்கு மெம்பிரேனுக்குள்ள தண்ணியைத் தள்ளுற ஹை பிரஷர் பம்ப் 1.5 எச்.பி., ஃபில்டருக்குத் தண்ணி குடுக்குற ரா பம்ப் 0.5 எச்.பி. வரும். சிங்கிள் ஃபேஸ்ல ரெண்டும் சேர்ந்து ஓடும்போது 12, 13 ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்ட் ஆகுறப்போ அதைவிட அஞ்சாறு மடங்கு ஒரு நொடி போகும். சுவத்துல இருக்குற 16 ஆம்பியர் பிளக்ல செருகி ஓட்டலாம்னு சொன்னா ஒத்துக்காதீங்க. மணிக்கணக்கா ஓடுற மோட்டார்ல பிளக் பின் சூடாகி உருகிடும். மெயின் போர்டுலேர்ந்து நேரா தனி லைன்: 4 சதுர மி.மீ. காப்பர், 20 ஆம்பியர் சி டைப் டபுள் போல் எம்.சி.பி., கூட கரன்ட் கசிஞ்சா கட் பண்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஈரத் தரை, இரும்பு ஸ்கிட், பிள்ளைங்க நடமாடுற இடம். ஆர்.சி.சி.பி. இல்லாம இங்க லைன் குடுக்கவே கூடாது. போர்டுலேர்ந்து 30 மீட்டருக்கு மேல தூரம்னா 6 சதுர மி.மீ. போடுங்க, இல்லாட்டி ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் தொங்கும்.

எர்த் கம்பியை பேனல்ல முடிச்சிட்டு விட்டுடுவாங்க. ஸ்கிட் ஃபிரேமுக்கும் ரெண்டு பம்ப் பாடிக்கும் தனித்தனியா போல்ட் போட்டு எர்த் வரணும். கடற்கரை ஓரம் ஜி.ஐ. எர்த் பைப் சீக்கிரம் அரிச்சுப் போயிடும். புதுசா போட்டா காப்பர் எலக்ட்ரோட் போடுங்க. பழசு இருந்தா மீட்டர் வெச்சு அளந்து 5 ஓமுக்குக் கீழ இருக்கான்னு பாருங்க.

பேனல் தரையிலேர்ந்து அஞ்சடி உயரத்துல. நேரா மேல தண்ணி பைப் ஜாயின்ட் எதுவும் வரக் கூடாது. டோசிங் கேன் பக்கத்துலயும் வேணாம், கெமிக்கல் ஆவியும் உப்புக் காத்தும் சேர்ந்தா கான்டாக்டர் (பேனல்ல மோட்டாரை ஆன் பண்ற சுவிட்ச்) பச்சை பிடிக்கும். அறைக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைங்க.

வோல்டேஜ் சாயங்காலம் 200-க்குக் கீழ போற லைனா இருந்தா ஸ்டெபிலைசர் 5 கே.வி.ஏ. வேணும். சின்னதா வாங்கினா ஸ்டார்ட்டிங் கரன்ட்லயே விழுந்துடும். வோல்டேஜ் நல்லா இருந்தா ஸ்டெபிலைசர் வேணாம், ஏற்ற இறக்கத்துல கட் ஆகுற ரிலே ஒண்ணு போதும்.

ஃப்ளோட் சுவிட்ச் ரெண்டு இடத்துக்கும் இப்பவே காலி கான்ட்யூட் போட்டு வைங்க: ரா டேங்க் காலியானா நிக்க ஒண்ணு, நல்ல தண்ணி டேங்க் நிறைஞ்சா நிக்க ஒண்ணு. இதை மறந்துட்டு அப்புறம் சுவத்துமேல ஒயரை ஆணி அடிச்சு இழுப்பாங்க. ஸ்கிட்ல லோ பிரஷர் சுவிட்ச் இருக்கான்னும் சப்ளையர்கிட்ட கேளுங்க. தண்ணி இல்லாம ஹை பிரஷர் பம்ப் ஓடினா உள்ள சீல் போயிடும்.

தேவனாம்பட்டினம்_பள்ளி

இருவருக்கும் மிக்க நன்றி. தண்ணீரை நாளையே ஆய்வகத்துக்கு அனுப்புகிறேன். அறையில் கதவுப் பக்கமாக ஹவுசிங் வைக்க இடம் இருக்கிறது, அளந்து பார்த்தேன்.

மொட்டைமாடி டேங்க் பற்றியும் வேஸ்ட் தண்ணீர் பற்றியும் யாராவது சொன்னால் பிளம்பரை வரச் சொல்லிவிடுவேன். மெஷினிலிருந்தே நேராக மாடிக்கு ஏற்றிவிடலாம், ஹை பிரஷர் பம்ப்தானே என்கிறார் அவர். கட்டடம் தரை, முதல் தளம், மொட்டைமாடி.

அரியாங்குப்பம்_பைப்லைன்

அண்ணா, அதை மட்டும் செய்ய வேண்டாம். ஹை பிரஷர் பம்பின் அழுத்தம் உப்புத் தண்ணீர்ப் பக்கம் இருப்பது. நல்ல தண்ணீர் வரும் பக்கம் கிட்டத்தட்ட அழுத்தமே இல்லாமல் வழிய வேண்டும். மெம்பிரேன் என்பது மெல்லிய ஏடுகளைப் பசை போட்டு ஒட்டிச் சுருட்டியது. மெஷின் நின்றதும் உப்புப் பக்கம் அழுத்தம் இறங்கிவிடும். மாடி வரை நிற்கும் தண்ணீர்த் தூண் நல்ல தண்ணீர்ப் பக்கத்திலிருந்து பின்னால் தள்ளும். அந்த எதிர் அழுத்தம் 0.3 பார், அதாவது மூன்று மீட்டர் தண்ணீர் உயரத்தைத் தாண்டினால் ஒட்டு பிரிந்துவிடும். பிரிந்த மெம்பிரேனைச் சரிசெய்ய வழியே இல்லை, புதிதுதான் போட வேண்டும். டி.டி.எஸ். திடீரென்று ஏறி, கழுவிப் பார்த்தும் இறங்கவில்லை என்று வரும் புகார்களில் இதுவும் ஒரு காரணம். நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் போதும் என்பார்கள். அந்த வால்வில் ஒரு மணல் துகள் சிக்கினால் பாதுகாப்பு போச்சு. ஓடும்போதும் அந்த உயரம் அளவுக்கு உற்பத்தி குறையும்.

உங்கள் கட்டடத்துக்கு மொட்டைமாடியே தேவையில்லை என்பது என் கருத்து. மெஷின் அறைக்குப் பக்கத்திலேயே நாலடி உயரத்தில் செங்கல் மேடை கட்டி 1,000 லிட்டர் ஃபூட் கிரேடு டேங்க் இரண்டு வையுங்கள். மெஷினிலிருந்து வரும் பைப் டேங்கின் மேல் விளிம்பு வழியாக நுழைந்து, தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு அங்குலம் மேலே திறந்தபடி முடியட்டும். மொத்த உயரம் எட்டடிதான், எதிர் அழுத்தம் வரம்புக்குள் நிற்கும். இடையில் கேட் வால்வு எதுவும் போடாதீர்கள், யாராவது மூடிவிட்டால் அதே ஆபத்து. தரைத்தளக் குழாய்கள் இரண்டரை அடி உயரத்தில் இருந்தால் மோட்டாரே இல்லாமல் தண்ணீர் இறங்கும், கரன்ட் போனாலும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் உண்டு. முதல் தளத்துக்கு மட்டும் அரை எச்.பி. எஸ்.எஸ். பம்ப், அதன் பிறகு கிருமி கொல்லும் யு.வி. விளக்கு.

மாடியில்தான் வேண்டும் என்று நிர்வாகம் பிடிவாதம் பிடித்தால், கீழே ஒரு டேங்க், அதிலிருந்து தனி பம்பில் மேலே. எடையையும் யோசியுங்கள். ஆள் நடமாடும் மொட்டைமாடித் தளத்தைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற கணக்கில்தான் பெரும்பாலும் கட்டுகிறார்கள். நிறைந்த 1,000 லிட்டர் டேங்க் தன் அடியில் சதுர மீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேல் அழுத்தும். பீமும் சுவரும் இருக்கும் இடத்தில் அல்லாமல் தளத்தின் நடுவில் வைக்கக் கூடாது.

பைப் விஷயம். ஆர்.ஓ. தண்ணீர் கொஞ்சம் அமிலத்தன்மையோடு, பி.எச். 6 பக்கம் வரும். தாது குறைவு என்பதால் தொட்டதை அரிக்கும். நல்ல தண்ணீர்ப் பக்கம் ஜி.ஐ. பைப், பித்தளை வால்வு, சிமென்ட் தொட்டி மூன்றும் வேண்டாம். யு.பி.வி.சி. அல்லது சி.பி.வி.சி., குழாய்முனைகள் எஸ்.எஸ். 304. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் ஸ்கிட் பவுடர் கோட்டிங் இரும்பு என்றால் வெல்டிங் ஓரத்தில் துரு சீக்கிரம் வரும், எஸ்.எஸ். ஃபிரேம் கேளுங்கள்.

அளவு: ரா டேங்கிலிருந்து பம்புக்கு ஒன்றரை அங்குலம், பம்பிலிருந்து ஸ்கிட் வரை ஓர் அங்குலம், நல்ல தண்ணீர் முக்கால், ரிஜெக்ட் (வேஸ்ட் தண்ணீர்) முக்கால் அல்லது ஓர் அங்குலம். இந்த நாலு முனையிலும் யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) வைத்து, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் முடித்து, மூடி போட்டு விடுங்கள். ஸ்கிட் வந்த பிறகு கடைசி மூன்றடியை அவர்கள் இணைக்கட்டும். ரா டேங்கின் அடி மட்டம் பம்பைவிட உயரமாக இருக்கட்டும், பம்ப் காற்று வாங்காது. ரா பம்பை ஓடும் அளவுக்கு மட்டும் பார்த்து வாங்கினால் தவறு. ஓடும்போது மணிக்கு 1,000 லிட்டர் போதும், ஆனால் 13 அங்குல உருளையில் மணலைத் தூக்கிக் கழுவ 2,000 முதல் 2,500 லிட்டர் வேண்டும். 0.5 எச்.பி. தரும்போது அது இரண்டு கிலோ அழுத்தத்தில் எவ்வளவு தள்ளும் என்று பம்பின் சார்ட்டைப் பார்த்து வாங்குங்கள். கழுவல் பலவீனமாக இருந்தால் மணல் சேறு பிடித்து, அதற்குப் பிந்தைய 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் மாதக் கணக்கில் நிற்க வேண்டியது வாரத்தில் அடைக்கும்.

பசை போட்ட பிறகு ஒரு முழு நாள் காயவிட்டு, 5 கிலோ அழுத்தத்தில் இரண்டு மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். ஸ்கிட்டை இணைக்கும் முன் ரா லைனை அரை மணி நேரம் வெளியே ஓடவிடுங்கள். பைப் அறுத்த தூள் உள்ளே இருந்தால் நேராக மல்டிபோர்ட் வால்வில் போய்ச் சிக்கும்.

இப்போது வேஸ்ட் தண்ணீர். மழைநீர்க் குழியில் விடவே கூடாது அண்ணா. உள்ளே போகும் 1,000 லிட்டரில் 1,900 டி.டி.எஸ்.; 500 லிட்டர் நல்ல தண்ணீர் 80-இல் வெளியே வந்தால், மீதி 500 லிட்டர் 3,720-இல் வரும். நாளுக்கு 2,000 லிட்டர் ரிஜெக்ட் என்றால் ஏழு கிலோவுக்கு மேல் உப்பு. அதை உங்கள் போருக்குப் பக்கத்துக் குழியிலேயே இறக்கினால் அதே உப்பு மறுபடி போரில் ஏறும், அக்கம்பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போகும். மழைத்தண்ணீர் இறங்கி நிலத்தடி நீரை இனிப்பாக்கத்தான் அந்தக் குழி.

நல்ல வழி கழிவறை ஃபிளஷ். 420 பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் 2,000 லிட்டர் அங்கேயே தீர்ந்துவிடும், அந்த அளவுக்குப் போர்த் தண்ணீர் மிச்சம். அதற்கென்று 1,000 லிட்டர் டேங்க் ஒன்றும் தனிப் பைப்பும் போடுங்கள். உலோக ஃபிளஷ் வால்வு உப்பில் அரிக்கும், பிளாஸ்டிக் போடுங்கள். அந்த லைனில் கைகழுவும் குழாய் எதுவும் வரக் கூடாது. பைப்புக்கு வேறு நிறம் அடித்து, குழாய் இருக்கும் இடமெல்லாம் "குடிக்க அல்ல" என்று எழுதுங்கள். நிறைந்து வழிவது பாதாளச் சாக்கடைக்கு. ரிஜெக்ட் பைப்பும் டேங்கின் மேலிருந்து திறந்து விழ வேண்டும், நடுவில் வால்வு கிடையாது, மெஷினைவிட அதிக உயரத்துக்கு ஏற்றக் கூடாது. அந்தப் பாதை அடைபட்டால் உப்பு முழுதும் மெம்பிரேனிலேயே தங்கும்.

தோட்டம்_பாகூர்

எங்கள் பக்கம் ரிஜெக்ட் தண்ணீரைத் தென்னைக்கு விடுகிறார்கள், மரம் நன்றாகத்தான் இருக்கிறது. பள்ளியில் தென்னை இருந்தால் அதற்கு விடலாமே?

கெடிலக்கரை

தென்னை மற்ற மரங்களைவிட உப்பைத் தாங்கும், மணல் பூமியில் மழைக்காலம் உப்பைக் கழுவிக் கீழே கொண்டுபோகும். அதனால் மரத்தில் உடனே தெரியாது. ஆனால் கழுவிப் போன உப்பு நிலத்தடி நீருக்குத்தான் போகிறது. பாகூர் போன்று களி கலந்த வயல் மண்ணில் சோடியம் தங்கி மண் இறுகும், மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் தேங்கும். கீரை, வாழை, ரோஜா எதற்கும் வேண்டாம். பள்ளி விஷயத்தில் கழிவறை என்ற யோசனையே சரி.

மாட்டும் நாளில் என்ன பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன் சார். ஒரே நாளில் முடித்துவிட்டுக் கிளம்பும் அவசரத்தில்தான் சில படிகளைத் தாண்டுவார்கள்.

முதலில் மணல் உருளையைத் தனியாகக் கழுவி, வெளியே வரும் தண்ணீர் தெளிந்த பிறகுதான் கார்பனுக்கு விட வேண்டும். கார்பன் கழுவும்போது கறுப்பாக வரும்; வெள்ளை வாளியில் பிடித்துக் கறுப்பு நிற்கும் வரை, அரை மணி நேரமானாலும், டிரெயினுக்கே போகட்டும். அதன் பிறகு கார்ட்ரிட்ஜ் போடலாம். மெம்பிரேன் கெடாமல் இருக்க உள்ளே மருந்து வைத்து அனுப்புகிறார்கள். ஹை பிரஷர் பம்பைப் போடாமல், ரிஜெக்ட் வால்வை முழுதும் திறந்து வைத்து, ரா பம்ப் அழுத்தத்திலேயே அரை மணி நேரம் ஓட்டி அதை வெளியேற்ற வேண்டும். காற்றும் அப்போதுதான் போகும். பிறகு ஹை பிரஷர் பம்பைப் போட்டு, ரிஜெக்ட் வால்வை மெல்ல மெல்ல மூடி, நல்லது 500, ரிஜெக்ட் 500 என்று ரோட்டாமீட்டரில் (ஓட்டம் காட்டும் மீட்டர்) நிறுத்த வேண்டும். ஒரே திருகில் மூடினால் அழுத்தம் பாய்ந்து மெம்பிரேன் சுருள் நகர்ந்துவிடும். "நல்ல தண்ணி நிறைய வருது பாருங்க" என்று 700-க்கு மேல் ஏற்றிக் காட்டினால் மயங்காதீர்கள். அதற்கு ரிஜெக்டை நெரிக்க வேண்டும், அங்கே உப்பு செறிந்து கால்சியம் படியத் தொடங்கும். முதல் ஒரு மணி நேரத்து நல்ல தண்ணீரைக் கீழே விட்டுவிடுங்கள்.

ஆன்டிஸ்கேலன்ட் கணக்கு: லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்று ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவானால் மணிக்கு 3 கிராம். டோசிங் பம்ப் மணிக்கு ஒரு லிட்டர் தள்ளினால், 50 லிட்டர் கேனில் 150 கிராம் கரைக்க வேண்டும், ஆர்.ஓ. தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அது சேரும் இடம் கார்பனுக்குப் பிறகு, கார்ட்ரிட்ஜுக்கு முன். டோசிங் பம்ப் ஹை பிரஷர் பம்போடு சேர்ந்து ஓடி, சேர்ந்து நிற்கும்படி வயர் இருக்கிறதா என்று நிறுத்திப் பாருங்கள்.

அன்றைக்கே ஒரு நோட்டில் தேதி, தண்ணீர் வெப்பநிலை, ரா டி.டி.எஸ்., நல்ல தண்ணீர் டி.டி.எஸ்., கார்ட்ரிட்ஜுக்கு முன்னும் பின்னும் அழுத்தம், மெம்பிரேனுக்கு முன்னும் பின்னும் அழுத்தம், இரண்டு ரோட்டாமீட்டர் அளவு எல்லாம் எழுதி சப்ளையரின் கையெழுத்து வாங்குங்கள். பின்னாளில் உற்பத்தி 10, 15 சதவீதம் குறைந்தால் மெம்பிரேன் கழுவ வேண்டும் என்று சொல்ல அந்த முதல் நாள் எண் இல்லாமல் முடியாது. ஒப்பிடும்போது வெப்பநிலையைக் கவனியுங்கள்: ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய மூன்று சதவீதம் உற்பத்தி மாறும், மார்கழியில் குறைவது கோளாறு அல்ல.

டி.டி.எஸ். 80 குறைவு, கொஞ்சம் ரா தண்ணீர் கலக்கிறேன் என்று பைபாஸ் வால்வு வைக்க வந்தால், நைட்ரேட், ஃபுளோரைடு, கிருமி ரிப்போர்ட்டைப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். ஆர்.ஓ. எடுத்துப்போட்டதையே அந்த வால்வு திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும்.

தேவனாம்பட்டினம்_பள்ளி

எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து மூவரிடமும் கொடுத்துவிட்டேன். கீழ் மேடையில் இரண்டு டேங்க் என்பதற்கு நிர்வாகமும் ஒத்துக்கொண்டது. ஒன்று மட்டும்: வருஷா வருஷம் மே மாதம் பள்ளி மூடியிருக்கும்போது மெஷினை என்ன செய்வது?

அரியாங்குப்பம்_பைப்லைன்

ரொம்பத் தேவையான கேள்வி அண்ணா. தண்ணீர் தேங்கிய மெம்பிரேனில் கிருமி வளர்ந்து வழவழப்பு பிடிக்கும், மே மாதச் சூட்டில் இன்னும் வேகமாக. வாட்ச்மேன் இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். நல்ல தண்ணீர் டேங்க் நிறைந்திருந்தால் ஃப்ளோட் நிறுத்திவிடும் என்பதால் அடியில் ஒரு டிரெயின் வால்வு வைத்து ஓரளவு காலியாக வைக்க வேண்டும். ஆள் இல்லை, ஒரு மாதம் முழுதும் நிற்கும் என்றால் சப்ளையரை வரவழைத்து ஒரு சதவீத சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலை மெம்பிரேனுக்குள் நிரப்பி, எல்லா வால்வையும் மூடச் சொல்லுங்கள்: 50 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு அரைக் கிலோ. அதை உள்ளே செலுத்த, கார்ட்ரிட்ஜுக்கும் ஹை பிரஷர் பம்புக்கும் நடுவில் முக்கால் அங்குல டீயும் (மூன்று முனை இணைப்பு) பால் வால்வும் தேவை. ரிஜெக்ட், நல்ல தண்ணீர் இரண்டு லைனிலும் திரும்பி வர மூன்று வழி வால்வு தேவை. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு வழி திறந்தே இருக்கும்படியான வால்வாக இருக்கட்டும். பிற்பாடு மெம்பிரேன் ஆசிட் கழுவவும் இதே இணைப்புதான். பல ஸ்கிட்டில் இதை வைக்காமலே அனுப்புவார்கள். கொட்டேஷனில் "கழுவும் இணைப்பு உட்பட" என்று ஒரு வரி சேர்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். ஜூனில் திறக்கும் முன் கார்ட்ரிட்ஜை மாற்றி, மருந்தை வெளியேற்றி, மறுபடி ஒரு மணி நேரத் தண்ணீரைக் கீழே விட்டு, இரண்டு நல்ல தண்ணீர் டேங்கையும் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் பிள்ளைகளுக்குக் குழாயைத் திறக்க வேண்டும்.